ஈரச் சாக்கு

கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வழி கேட்க காரை நிறுத்தினேன். ஆக்சிலரேட்டரில் காலே வைக்கவில்லை, எஞ்சின் தானாக உறுமியது. பயந்துபோய் அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தேன்.

வாட்ச்மேன் வெறுங்காலோடு ஓடி வந்தார். புருவமே இல்லாத முகம். பேச்சுக்கு நடுவே அடிக்கடி ஆபீஸ் பக்கம் திரும்பி மோந்து பார்த்துக்கொண்டார்.

“ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கியிருக்கும் அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருதேன்,” என்றேன்.

“இங்கன வேண்டாம் சார். மருந்து முக்கின குச்சி காயுது. உள்ள பொம்பளையாளுக இருக்காவ.”

இருவரும் காரைத் தள்ளிக்கொண்டு போய் தூரத்து வேலமரத்தடியில் விட்டோம். அங்கே ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் அதே அலறல். திரும்பிப் பார்த்தால், தண்ணீர் சொட்டும் சாக்கை விரித்துப் பிடித்தபடி காருக்கும் ஆபீசுக்கும் நடுவில் அவர் நின்றார். இறங்கி பானட்டுக்குள் கைவிட்டேன். கரிசல் புழுதி ஏறி இறுகிக்கிடந்த கேபிளை இழுத்துவிட்டேன். எஞ்சின் அடங்கியது.

“சரியாப் போச்சு அண்ணாச்சி.”

“கெளம்புங்க சார்.”

சாக்கை அவர் இறக்கவில்லை. வளைவில் திரும்பும்வரை கண்ணாடியில் அப்படியே நின்றார். ஒரு பொறி பறந்திருந்தால் அந்த ஒற்றைச் சாக்கு எதைத் தடுத்திருக்கும்? அது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.