வாளியைக் கழுவியவள்

மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடினால், சாப்பாடு முடிந்ததும் ஒரு கதை சொல்லப்படும். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பல் குத்திக்கொண்டே தொடங்குவார். இந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த புதிய செவிகள் என் மகளுடையவை. அவளுக்கு ஆறு வயது.

"உங்க தாத்தா கரையிலயே இருந்துருவேன்னு நின்னாரு. உங்க அம்மா ஒரு வாளியைக் கழுவுனா. மறுபடியும் கப்பல் ஏறிட்டாரு. எப்படி?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எஞ்சின் அறையில் வேலை பார்த்தே காது மந்தமாகிவிட்டவர். ஆனால் இந்தக் கதை மட்டும் எப்படியோ அவருக்குக் கேட்டுவிடும். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "சின்னப்புள்ள, தெரியாம பண்ணிட்டா. விடுங்க" என்றாள்.

இருபது ஆண்டுகளாக அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை.

மீன்கள் செத்த கதையை மாமா சொல்லி முடித்ததும் என் மகள் என்னைப் பார்த்தாள். "மீனையெல்லாம் நீயாம்மா கொன்ன?"

நான் எச்சில் இலையை எடுக்கக் குனிவதுபோலக் குனிந்துகொண்டேன். வருத்தத்தால் அல்ல. கோபத்தால். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் நினைவு சரிதானா என்று நூறு முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளையின் நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. எனக்குப் பத்து வயதான ஆண்டு, புத்தாண்டு கழிந்து வந்தவர், இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே அலங்கார மீன் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடைக்குக் கொடுக்கப் போகிறாராம். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் என்று நானும் அப்பாவும் நம்பினோம்.

ஹாலில் இரும்பு ஆங்கிளில் மூன்று தட்டு ஸ்டாண்ட் எழுந்தது. தட்டுக்கு ஒன்றாக மூன்று கண்ணாடித் தொட்டிகள். மேல் தொட்டியில் மோலி மீன், நடுவில் கப்பி மீன், கீழே குஞ்சுகள். மேலே வழிகிற தண்ணீர் பிவிசி குழாய் வழியாக நடுத் தொட்டிக்கு வரும், அங்கே வழிவது கீழ்த் தொட்டிக்கு, அதில் வழிவது தரையில் இருந்த ஒரு பழைய பெயிண்ட் வாளிக்கு. வாளியின் அடியில் சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். அந்த வாளிதான் ஃபில்டர். மெத்தைக் கடையில் வெட்டி வாங்கிய ஸ்பாஞ்ச், அதற்குக் கீழே அடுப்புக்கரி, அதற்கும் கீழே நானும் அப்பாவும் கடற்கரையில் பொறுக்கி வந்து உடைத்த சிப்பி ஓடு.

முதல் நாள் மின்சாரம் போய் பம்ப் நின்றது. மேலே இருந்த தண்ணீரெல்லாம் இறங்கி வாளி பொங்கி ஹால் முழுக்க ஓடியது. மாமா வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன மாப்ள, கப்பலை விட்டு இறங்கிக் கப்பிக்கு வந்துட்டீரு, கடலையும் கூடவே கூட்டியாந்துட்டீரே?"

மறுநாள் அப்பா குழாய்களின் வாயை உயர்த்தி வைத்தார். வாளியின் உட்புறம் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்றார். அதன்பின் எத்தனை முறை கரண்ட் போனாலும் ஒரு சொட்டு வழியவில்லை. ஆனால் எல்லா மீனையும் உடனே விடவில்லை. மீனுக்கு ஏற்றபடி தண்ணீர் பழுக்க வேண்டும் என்று நான்கைந்து மீனோடு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். "காலித் தொட்டிக்கு முன்னால உக்காந்து டிவி மாதிரி பாக்காரு மனுசன்" என்று மாமா தெருவெல்லாம் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஸ்பாஞ்ச் அலசும் வேலை. அதற்கு ஒரு முறை இருந்தது. தொட்டித் தண்ணீரையே ஒரு பேசினில் எடுத்து, அதில் மட்டும்தான் அலச வேண்டும். மெதுவாக இரண்டு முறை பிழிந்தால் போதும். பேசினை அம்மா பிடித்துக்கொள்வாள், அப்பா பிழிவார், நான் வேடிக்கை பார்ப்பேன்.

"ஏளா, இந்தப் பழுப்பு அழுக்குன்னு நெனைக்காத. கண்ணுக்குத் தெரியாத உயிரு இது. மீன் கழிக்கிற நஞ்ச இதுதான் திங்கும். குழாய்த் தண்ணி பட்டாச் செத்துரும். குளோரின் போடுதான்லா. இது செத்தா, நாலு நாள்ல மீனும் சாகும்."

இதை அவர் சொல்லும்போது பேசின் அம்மாவின் கையில் இருந்தது. இதை மறக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

குஞ்சுகள் பெருகின. பக்கத்துத் தெரு மீன் கடை அண்ணாச்சி வந்து பார்த்து, திருவிழா முடிந்ததும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த கப்பலுக்கு ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் போன் செய்தபோது, அண்ணாச்சி குஞ்சை எடுத்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றார் அப்பா. அவர் எங்களோடு இருப்பாரா மாட்டாரா என்பது அந்தக் கீழ்த் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. எனக்கே அது தெரிந்திருந்தது. அப்போது எங்கள் வீட்டு மாடி பாதி கட்டி நின்றது என்பதும், எனக்கு இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இவற்றுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்பது தெரியாது.

கொடியேற்றத்துக்கு முன் எங்கள் தெருவில் வீடுகளைக் கழுவிவிடுவது வழக்கம். அன்று அப்பா தொட்டிக்குக் கண்ணாடி வாங்கத் திருநெல்வேலி போயிருந்தார். அம்மா கதவு, ஜன்னல், சாமான் எல்லாவற்றையும் தேய்த்தாள். பிறகு பம்ப்பை நிறுத்தி, வாளியை முற்றத்துக்கு இழுத்தாள்.

"ஏளா, இதுல உள்ளதயெல்லாம் எடுத்துக் குழாயடியில நல்லாக் கசக்கிக் கழுவு. நாத்தம் தாங்கல. ஆளுக வார நேரம்."

"அம்மா, குழாய்த் தண்ணி படக் கூடாதுன்னு அப்பா..."

"அப்பாதான் சொல்லிட்டுப் போனாவ. கொடியேறுததுக்கு முன்னால ஒருக்கா சுத்தமாக் கழுவணும்னு."

அப்பா சொன்னார் என்றால் அப்பால் பேச்சில்லை. நான் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. இன்றும் அப்படித்தான், அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. கறுப்புத் தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு வெள்ளையாகும்வரை கசக்கினேன். அம்மா அடுப்பிலிருந்து ஒரு குண்டான் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஸ்பாஞ்சின் மேலும் சிப்பி ஓட்டின் மேலும் அவளே ஊற்றினாள். பிறகு எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப்போட்டேன். எங்கள் ஊர் ஆடி வெயிலில் உப்பே காயும்போது ஸ்பாஞ்ச் என்ன ஆகும்? மூன்று மணிக்கு அது ரொட்டித் துண்டு போல மொரமொரத்தது. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி பம்ப்பைப் போட்டபோது, உலகத்திலேயே சுத்தமான வாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பா சாயங்காலம் வந்து, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார். வாளியைத் திறந்து பார்க்கவில்லை. நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவர் செய்யச் சொன்ன வேலையை அவரே மறந்துவிட்டார் என்று லேசாக மனத்தாங்கல்.

மூன்றாம் நாள் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் கீழ்த் தொட்டியின் தண்ணீர் முழுக்கச் செத்த குஞ்சுகள் வெள்ளைப் புள்ளிகளாக மிதந்தன. பிறகு கப்பி, பிறகு மோலி. வீடு நிறைய விருந்தாளிகள். அப்பா வாளியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று ஸ்பாஞ்ச்.

"யார்ளா இதைக் கழுவுனது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்..."

அடுத்த சொல் வருவதற்குள் அம்மா சொன்னாள்: "சின்னப்புள்ள, தெரியாம பண்ணிட்டா. விடுங்க."

அப்பா அடிக்கவில்லை. "உனக்குச் சொல்லிக் குடுத்தேன்லா. உனக்குத்தான சொல்லிக் குடுத்தேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். கழுவச் சொன்னவரே இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. இரண்டு வாரத்தில் அவர் பெட்டியைத் தூக்கியபோது மாடியில் போய் ஒளிந்துகொண்டேன். தெருவில் நின்று, "போயிட்டு வாரேன்ளா" என்று மேலே பார்த்துச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் அடுத்த விடுப்பில் வந்தபோதுதான், "நீங்கதானப்பா கழுவச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் எதுக்குளா சொல்லப்போறேன்?" என்றவர், சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த திருவிழாவிலும் மாமாவின் கதைக்கு அவர் சிரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அந்த வாளியை என் கையிலேயே விட்டுவைத்தார். அவர்கள் இருவரும் நல்லபடியாகக் குடும்பம் நடத்த அது வசதியாக இருந்தது.

அம்மா பயந்திருப்பாள். பாதி கட்டிய மாடி, என் பள்ளிக்கூடம், மீனை நம்பி ஒரு குடும்பம். நானும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான், எனக்கு அது புரிகிறது. என் மகள் மருந்து குடிக்க அடம்பிடிக்கும்போது "அப்பா சொன்னாங்க" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இந்த ஆண்டு திருவிழா முடிந்த மறுநாள் அது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆனால் பயந்தவள் தன் கையாலேயே கழுவியிருக்கலாமே. என் கை எதற்கு?

சில நாள், அம்மா உண்மையிலேயே வீட்டைச் சுத்தம் செய்யத்தான் நினைத்தாளோ, நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று தோன்றும். அப்போதெல்லாம் எனக்கு அந்த ஊறுகாய் பாட்டில் நினைவுக்கு வரும்.

மேல் தொட்டியில் இரண்டு கறுப்பு மோலிகளை என்னுடையவை என்று சொல்லி வைத்திருந்தேன். வாளியை முற்றத்துக்கு இழுப்பதற்கு முன்னாலேயே அம்மா அவை இரண்டையும் வலையால் பிடித்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு ஊறுகாய் பாட்டிலில் விட்டு, சமையலறை ஜன்னலில் வைத்ததை நான் பார்த்தேன். தினமும் அதில் பாதித் தண்ணீரை மாற்றினாள். குழாயில் பிடித்து அப்படியே ஊற்றவில்லை; முந்தின நாளே பிடித்துக் குளோரின் போகத் திறந்து வைத்த தண்ணீர். மூன்று தொட்டியும் செத்துக் காலியான பிறகும் அவை இரண்டும் ஜன்னலில் நீந்திக்கொண்டிருந்தன. அப்பா கப்பலுக்குப் போன அன்று, அழுதுகொண்டிருந்த என்னை அவள் அங்கே கூட்டிப்போய்க் காட்டினாள். "உன் மீனு ரெண்டும் பத்திரமா இருக்கு பாரு."

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முத்தம் கொடுத்தேன். மீன்கள் சாகத் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே அவை ஏன் அந்தப் பாட்டிலுக்கு வந்தன என்று கேட்கத் தோன்றவில்லை.