லெனாட் மாஸ்ரரின் தண்ணீர்ச் சட்டம்

லெனாட்டுக்கு மாஸ்ரர் என்ற பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. காலையில் குருநகர் மீன் சந்தையில் ஏலம் கூறுவது அவர் தொழில். பின்னேரமானால் கழுத்தில் ஒரு விசிலைக் கொழுவிக்கொண்டு, கழகத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்க மைதானத்துக்கு வந்துவிடுவார். விசில் இருந்தால் மாஸ்ரர்தானே! இளவயதில் மாவட்ட அணிக்காக ஒரேயொரு ஆட்டம் ஆடியவர். எந்தத் தேத்தண்ணிக் கடையில் அவர் குந்தினாலும் அந்த ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும்.

அவருடைய பயிற்சிக்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடியும்வரை யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. குடித்தால் வயிறு கொழுவிப் பிடிக்குமாம், கால் பாரமாகுமாம். எந்த வைத்தியர் சொன்னார் என்று கேட்டால், தனக்குப் பயிற்சி தந்தவர் சொன்னதாகச் சொல்வார். அந்த மனிதர் எப்போதோ செத்துப்போனது லெனாட்டுக்கு வசதியாகப் போய்விட்டது.

"நாங்கள் கடற்கரைச் சனம். வெயில் எங்களைச் சுடாது. உது கந்தோரிலை ஃபானுக்குக் கீழை இருக்கிறவையைத்தான் சுடும்" என்பார்.

அதே வாய் சந்தையில் வேறு கதை சொல்லும். ஒரு பெட்டி விளைமீன் கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தால் போதும், "மீன் வெயிலிலை அவியுது, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று ஊரைக் கூட்டிவிடுவார். செத்த மீனுக்குக் கிடைத்த அந்தக் கரிசனம் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஓடுகிற பிள்ளைகளில் அவருடைய ஒரே மகள் டிலக்ஷியும் ஒருத்தி.

இந்த வருடம் தேவாலயத்துப் பங்குத் திருநாளையொட்டிப் பெண்களுக்கான உதைபந்தாட்ட இறுதிப் போட்டி வந்தது. வைகாசி மாதம், காற்று செத்துப்போன நாள். கடலுக்குப் பக்கத்தில் நின்றாலும் வேர்வை காயாமல் உடம்பில் பிசுபிசுத்தது. டிலக்ஷிக்கு முதல்நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளையை இண்டைக்கு விடாதேங்கோ. முகத்தைப் பாருங்கோ, வாடிப்போய்க் கிடக்கு" என்றாள் மனைவி மார்கிரட்.

"ஓடினால் மிச்சக் காய்ச்சலும் வேர்வையோடை போயிடும்" என்றார் லெனாட். வைத்தியமும் அவருக்கு அத்துப்படி.

மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கவேண்டிய ஆட்டம் தொடங்கவில்லை. பிரதம விருந்தினர் வரவில்லை. அவர் வந்து வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கைலாகு கொடுக்காமல் எங்கள் ஊரில் பந்து உருளாது. அதனால் இரண்டு அணியும் மைதான நடுவில் வெயிலில் வரிசைகட்டி நின்றன. லெனாட் பந்தலுக்குள் நின்று, "நேரா நில்லுங்கோடி, ஃபோட்டோ எடுப்பினம்" என்று விசில் ஊதினார். ஒருவழியாக விருந்தினர் வந்தார். இளைஞர்களின் ஆரோக்கியம் பற்றி நீளமாகப் பேசினார். பேச்சு முழுவதும் அவர் தலைக்கு மேல் ஒருவர் குடை பிடித்திருந்தார்.

இடைவேளையில் எதிரணிப் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள். லெனாட்டின் பிள்ளைகள் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள். அதற்கு மட்டும்தான் அனுமதி.

அதன் பிறகு டிலக்ஷியின் கால்கள் பின்னத் தொடங்கின. பந்தை எதிரணிக்காரிக்கே தட்டிக் கொடுத்தாள். இன்னொரு முறை தன் அணியின் கோலை நோக்கியே பந்தைக் கொண்டு ஓடினாள்.

"நித்திரையோடி?" என்று கத்தினார் தகப்பன்.

டிலக்ஷி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அவரை அடையாளம் தெரியாதவளாகப் பார்த்துவிட்டு அப்படியே விழுந்தாள்.

உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வாய் ஏதோ பிதற்றியது. சனம் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னதில் இருந்த கொஞ்சக் காற்றும் அடைபட்டது. கழகச் செயலாளர் எமில்ராஜ் ஆம்புலன்சுக்கு அழைத்து, போனைக் காதில் வைத்தபடியே கத்தினார்: "உடனை உடம்பைக் குளிர வைக்கட்டாம்! ஐஸ் இருந்தாப் போடட்டாம்!"

பந்தலில் ஒரு பெரிய தொட்டி நிறைய ஐஸ் இருந்தது. அதற்குள் விருந்தினருக்கான சோடாப் போத்தல்கள் கிடந்தன. மார்கிரட் ஓடிப்போய்த் தொட்டியைத் தூக்கினாள்.

"ஏய், அது விருந்தினருக்கு!" என்றார் லெனாட். மகள் மண்ணில் கிடக்கும்போது அந்த வாயிலிருந்து வந்தது அதுதான்.

மார்கிரட் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. போத்தல்கள் நாலாபக்கமும் உருள, ஐஸையும் தண்ணீரையும் பிள்ளையின் கழுத்திலும் கமக்கட்டிலும் கொட்டினாள். கொட்டும்போது, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அழுதுகொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "ஐஸ் போடாமல் கொண்டுவந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்காது."

மறுநாள் ஆஸ்பத்திரி விடுதிக்கு ஊர்ச்சனம் பார்க்க வந்தது. லெனாட் ஒவ்வொருவருக்கும் கதை சொன்னார். "கண்ணூறுதான், வேறையென்ன? எங்கடை ரீம் முன்னுக்கு வாறது உவையளுக்குப் பொறுக்கேல்லை. மற்றும்படி வெயில் எங்களை என்ன செய்யும்?" வந்தவர்களும் தலையாட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் கூட எழுந்திருந்து கேட்டார்கள்.

அந்நேரம் டிலக்ஷி கண் திறந்தாள். இவ்வளவு நேரமும் அவள் நினைவு இன்னும் மைதானத்தில்தான் நின்றிருக்கவேண்டும். உதட்டை நக்கியபடி தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, ஆட்டம் முடிஞ்சுதோ? இனித் தண்ணி குடிக்கலாமோ?"

விடுதியில் எல்லாரும் லெனாட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதிலுக்காகப் பிள்ளை காத்திருந்தாள்.