பூ வைத்த பையும் மடங்காத விரலும்

குரோஷே பின்னுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்பு செய்துவிட்டால் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மூன்று மணி நேரத்துப் பாடு மூன்றே நொடியில் இல்லாமல் போய்விடும். கொக்கி ஊசி பிடித்துப் பழகியவர்கள் இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நன்றாக விடுங்கள். நானும் உங்களில் ஒருவன்தான்.

என் பெயர் குணசேகரன். சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் வீடு. ஐம்பத்திரண்டு வயது, நல்ல அடர்த்தியான மீசை, இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். பருத்தி நூலில் தோள்பை பின்னி, அதன் நெற்றியில் ஒரு பூவும் வைத்துக் கொடுக்கிற ஆள் நான்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே கொஞ்ச காலம் நம்பவில்லை.

நூறு தடவை

வீட்டு மீன் தொட்டியைக் கழுவத் தூக்கியபோது கண்ணாடி உடைந்து வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரண்டு தசைநார்கள் அறுந்துபோயின. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கட்டைப் பிரித்த பிறகு நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவே இல்லை. சட்டைப் பொத்தானை என் மனைவி தேவிதான் போட்டுவிட வேண்டும். ஸ்பேனர் பிடித்துச் சாப்பிட்டவனுக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. ஆறு மாதம் பார்ப்போம், கை சரியாகாவிட்டால் ஆபீஸில் ஃபோன் எடுக்கிற வேலை தருகிறோம் என்று கம்பெனியில் தன்மையாகத்தான் சொன்னார்கள். அந்தத் தன்மைதான் என்னைப் பயமுறுத்தியது. வெளியே போனால் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கைப்பயிற்சி கொடுத்தவர் மிஸ் லிம். சின்ன உருவம், பெரிய அதட்டல். ரப்பர் உருண்டையை நசுக்கச் சொல்வார். மூன்றாவது வாரம் நான் உருண்டையை மேசைமேல் வைத்துவிட்டு, “போதும், இனி வரமாட்டேன்” என்றேன். அவர் கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து ஒரு கொக்கி ஊசியையும் வெள்ளைப் பருத்தி நூல்கண்டு ஒன்றையும் எடுத்தார். கத்தியைப் பிடிப்பதுபோல் ஊசியைப் பிடிக்கவைத்து, மடங்காத விரல்களைத் தன் கையால் ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார். வலி உயிர் போயிற்று. அவர் ஆங்கிலத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ சேர்த்துச் சொன்னது இதுதான்:

“மிஸ்டர் குணா, நூறு தடவ உருண்டைய நசுக்கினா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. நூறு தடவ இதச் செஞ்சா பாதிப் பை கிடைக்கும் லா.”

முதல் பை

முப்பது கண்ணி, அதாவது முப்பது நூல் வளையம், போட்டு ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, கை ஒத்துழைத்தால் இரண்டு. தேவி ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் தோசைக் கடை வைத்திருக்கிறாள். மத்தியானம் அவள் வீடு திரும்பும்போது நான் சோபாவில் நாக்கைத் துருத்திக்கொண்டு பின்னிக்கொண்டிருப்பேன். அவள் சிரிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். விரலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பதினைந்து நாள் கழித்து எடுத்து விரித்துப் பார்த்தோம். கீழே முப்பது கண்ணி, மேலே ஒன்பது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டே வந்திருக்கிறேன். நீங்களும் ஒரு காலத்தில் விட்டிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். தேவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“என்னங்க, நல்லா இறுக்கமாத்தான் பின்னியிருக்கீங்க. ஆனா இது பை இல்ல, சமோசா.”

பிரித்துப் போட்ட ஆன்ட்டி

சமோசாவைப் பிரித்து மறுபடி ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எம்.ஆர்.டி. ரயிலிலும் பின்னினேன். அதற்குள் வெட்கம் கொஞ்சம் விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி, காய்கறி வாங்குகிற சக்கரப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்டேஷன் பொறுத்தார். மூன்றாவது ஸ்டேஷனில் “ஐயோ!” என்றபடி பின்னலை என் கையிலிருந்து வாங்கி, நூலைப் பிடித்து சர்ரென்று ஆறு வரிசையை உருவிவிட்டார். எதிரே இருந்தவர்கள் ஃபோனைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அவர் அத்துடன் விடவில்லை. தலையிலிருந்து ஒரு ஹேர்ப்பின்னைக் கழற்றி வரிசையின் கடைசிக் கண்ணியில் மாட்டினார். அந்த இடம் வரை பின்னாமல் திரும்பக் கூடாது என்று விளக்கினார். நான் இறங்க வேண்டிய இடம் போயிற்று, அவர் இறங்க வேண்டிய இடமும் போயிற்று. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சொன்னார்:

“லிஃப்ட் எவ்ரி ஃப்ளோர் ஸ்டாப், ரைட்? யூ ஆல்சோ எவ்ரி ஹோல் ஸ்டாப் லா!”

எந்த நம்பர் ஊசி?

அந்த ஹேர்ப்பின் புண்ணியத்தில் இரண்டாவது பை நாலு மூலையும் நேராக வந்தது. மூன்றாவதற்கு நல்ல நூலாக வாங்கலாம் என்று லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஜாக்கெட் துணியும் லேஸும் நூலும் விற்கிற சின்னக் கடை. “நாலு மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியா வர்ற பருத்தி நூல் வேணும்” என்றேன். கடைக்காரப் பெண் என் மீசையைப் பார்த்தார், பிறகு என் மனைவியைத் தேடி வாசலைப் பார்த்தார். “அக்கா வெளிய நிக்கிறாங்களா? ஊசி நம்பர் மாறிடும்ணே, ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க.”

பையிலிருந்து பாதிப் பின்னலை எடுத்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பின்ன ஆரம்பித்தேன். பத்துக் கண்ணி, இருபது கண்ணி. பாவாடைக்கு லேஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கைப்பிடியை எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்று என்னையே கேட்டார். என்னை! நாலு மாதத்துக்கு முன்னால் கரண்டி பிடிக்க முடியாதவனை! விளக்கிச் சொன்னேன். கடைக்காரப் பெண் மேல்தட்டிலிருந்து நல்ல நூலாக ஆறு கண்டு இறக்கி வைத்தார்.

“அண்ணே, போன் போட வேணாம். அக்காவுக்கு ஏதாவது சந்தேகம் வந்தா உங்களக் கேக்கச் சொல்லுங்க.”

சூப்பில் விழுந்த பூ

இனி பூ விஷயம். வெறும் பை பின்னுவது ஒரு திறமை என்றால், பூ பின்னுவது முற்றிலும் வேறு திறமை. நடுவில் ஒரு சின்ன வளையம், சுற்றி ஐந்து இதழ், ஒவ்வொரு இதழும் சிறுத்துத் தொடங்கி, பெருத்து, மறுபடி சிறுக்க வேண்டும். என் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் கனம். முதல் பூ ஆஃப்பாயில் மாதிரி வந்தது. எட்டாவது பூ பூவாக வந்தது. அதை ஒரு நீலப் பையின்மேல் தைத்தேன். தேவி கேன்டீனுக்கு அதைக் கொண்டுபோனதும் ஒரு டீச்சர் பிடித்துப்போய் வாங்கிக்கொண்டார். என் முதல் வாடிக்கையாளர்.

மறுநாளே தேவியின் ஃபோனிலிருந்து அந்த டீச்சர் என்னோடு பேசினார். நான் பூவின் நடுவில் மட்டும் இரண்டு தையல் போட்டு விட்டிருந்தேன். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீன் உருண்டை சூப்பின்மேல் குனிந்திருக்கிறார், பூ கழன்றுவிட்டது. இப்போது ஐந்து இதழின் பின்புறத்தையும் சேர்த்துத் தைக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். டீச்சர் கோபப்படவில்லை. சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அங்கிள், பை சூப்பர். பூ மட்டும் சூப்புல.”

லோட் டெஸ்ட்

என்னைப் பார்க்க வேலையிடத்திலிருந்து ரஷீது வந்தான். பன்னிரண்டு வருஷமாக என் ஜோடி. நான் மேலே மெஷின் அறையில் நின்றால் அவன் கீழே லிஃப்ட் குழியில் நிற்பான். மேசைமேல் பூக்கள் பரப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, தலையில வெச்சுக்கவா?” என்று கேட்டுச் சிரித்தான். நான் ஒரு பையை அவனிடம் கொடுத்தேன். எங்கள் வேலையில் எதையும் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்வதில்லை, எடை ஏற்றிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வோம். அவன் தன் டூல்களை எல்லாம் அதில் போட்டுத் தூக்கினான். கைப்பிடி சூயிங்கம் மாதிரி நீண்டு பை முழங்காலுக்கு வந்துவிட்டது. தரையில் உருண்டு சிரித்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பருத்தி நூல் கனம் ஏறினால் நீளும், அதுதான் அதன் குணம். கைப்பிடிக்கு இரட்டை நூல் எடுத்தேன். இரண்டு ஓரத்திலும் இறுக்கமாக ஒரு வரிசை ஓட்டினேன். பையின் வாயோடு சேருமிடத்தில் நாலு வரிசை ஆழத்துக்கு இறக்கித் தைத்தேன். இரண்டு வாரம் கழித்து ரஷீதை மறுபடி கூப்பிட்டேன். டூல், அதன்மேல் அஞ்சு கிலோ அரிசி மூட்டை. வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடந்தான். அளந்து பார்த்தோம், கைப்பிடி அரை விரல்கடைதான் நீண்டிருந்தது. அவன் நிமிர்ந்து நின்று, ஆபீஸர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அண்ணே, லோட் டெஸ்ட் பாஸ். என் வைஃபுக்கு ஒண்ணு போடுங்க, பூ செவப்பு.”

மூடிய கை

ஆறாவது மாதம். ஆஸ்பத்திரியில் கையை அளந்து கம்பெனிக்கு எழுத வேண்டிய நாள். மிஸ் லிம் கைப்பிடியின் பலத்தை அளக்கிற பிடிமானி ஒன்றை நீட்டினார். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் முள் நகரும். தேவி பக்கத்து நாற்காலியில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை. கொக்கி ஊசியைப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

மிஸ் லிம் முள்ளைக் குனிந்து பார்த்தார். மறுபடி, என்றார். மறுபடி அழுத்தினேன். பிறகு கருவியை வாங்கி வைத்துவிட்டு, வெறும் கையை மூடச் சொன்னார். மூடினேன். நாலு விரல் நுனியும் உள்ளங்கையைத் தொட்டன. நடுவிரல் கொஞ்சம் முனகியது, ஆனால் தொட்டது. தேவி எழுந்து, மூடிய என் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், வெகுநேரம் விடவே இல்லை. மிஸ் லிம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

“ஸ்பேனர் பிடிக்கலாம். ஆனா பின்றத நிறுத்துனீங்கன்னா நானே வந்து கதவத் தட்டுவேன்.”

இருபத்துநாலு தாமரை

நிறுத்த நினைத்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் ஆங் மோ கியோவில் இருந்து பிரியா என்ற பெண் தன் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள். தோழிகளுக்கு இருபத்துநாலு பை, ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புத் தாமரை. தாமரைக்கு மூன்று அடுக்கு இதழ். நான் வேலைக்குத் திரும்பியபோது பதினொரு பைதான் முடிந்திருந்தது, கல்யாணத்துக்கு ஐந்து வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் மெஷின் அறை வாசலில் உட்கார்ந்து இதழ் பின்னினேன். ரஷீது கேலி செய்யவில்லை. பின்னி முடித்த இதழ்களைக் கிரீஸ் படாமல் டிபன் டப்பாவில் அடுக்கி வைத்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் இருபத்துநாலும் முடிந்தன. தேவி எண்ணினாள், ஒவ்வொரு பூவையும் இழுத்தும் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

பிரியா எங்களையும் அழைத்திருந்தாள். கல்யாண மண்டபத்தில் இருபத்துநாலு பெண்கள் பட்டுப்புடவையில், தோளில் என் பையோடு வரிசையாகப் படியேறி வந்தார்கள். கேமராக்காரர் அவர்களை நிறுத்தி, பூ தெரிகிற மாதிரி திரும்பச் சொன்னார். அப்போது மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் நேராகத் தேவியிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் பின்னினீங்கன்னு சொன்னாங்க. தங்கமான கைம்மா உங்களுக்கு” என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளவே போய்விட்டார். தேவி கையை விடுவித்துக்கொண்டாள். மண்டபமே திரும்பிப் பார்க்கிற குரலில், என்னைக் காட்டிச் சொன்னாள்:

“என் கை தோச சுடுற கைங்க. தங்கமான கை அந்தா, அந்த மீசக்காரரோடது.”

இருபத்தாறு வருஷமாக நான் பத்திரமாக மேலே அனுப்பி வைத்தவர்களில் ஒருவர்கூட லிஃப்டை விட்டு இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு பூவைத் தைத்ததும் ஒரு மண்டபமே திரும்பிப் பார்க்கிறது என்றால், இத்தனை நாள் நான் ஏன் இந்த ஊசியைப் பிடிக்காமல் இருந்தேன் என்று நீங்களே சொல்லுங்கள்.