பூ வருகிறதா?

ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்கு பைக்கில் போகும்போது அண்ணன் விழுந்து கால் உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரிலிருந்து அம்மா எங்கள் தாபோடி வீட்டுக்கு வந்தாள். மராத்தியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'நாஹி'. வேண்டாம், இல்லை, தெரியாது எல்லாவற்றுக்கும் அதுதான். நானோ வந்த வேகத்தில் மராத்தி கற்று, வடாபாவ் கடையில் வாயடித்துக்கொண்டிருந்தேன்.

காலில் கட்டு ஈரமானபோது, "புண்ணு ஆறுறப்ப கசியத்தான் செய்யும் கண்ணு" என்றாள் அம்மா. பிறகு காய்ச்சல் தூக்கியடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எலும்பு வரை சீழ் பிடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

"போன் பண்ணிக் கேட்டேனே, வீட்ல இருந்த அம்மா 'நாஹி'ன்னாங்களே!" என்று நர்ஸ் மராத்தியில் பதறினாள்.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலிருந்து ஆரும் கூப்பிடலியே. ஒரு பொண்ணு மட்டும் 'பூ, பூ'ன்னு என்னமோ கேட்டா. இந்த ஊர்ல எல்லாத்தையும் போன்லயே விக்கறாங்கல்ல? பையன் படுத்துக் கெடக்கறப்ப எனக்கெதுக்குப் பூவுன்னு, நாஹின்னுட்டேன்."

மராத்தியில் பூ என்றால் சீழ். புண்ணிலிருந்து சீழ் வருகிறதா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.



அம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஏங்கண்ணு, அது பூக்காரி இல்லியா?"

"பூக்காரிதாம்மா" என்றேன்.