கேட்டது கிடைக்காமலே அண்ணன் எடுத்த பால்குடம்

அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி ஒவ்வொரு நினைவு நாளுக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். அதிகம் படிக்காதவள் என்பது ஒரு காரணம். அண்ணனைப் பற்றி எழுதினால் அவர் மகள் பரீட்சையில் தோற்றதையும் எழுத வேண்டி வருமே என்பது பெரிய காரணம். இந்த வருடம் அவளே, "எழுதுங்க அத்தை, நடந்ததுதானே" என்றாள். அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது குடவாசல் பக்கம் எங்கள் கிராமத்தில். எங்களுடையது குத்தகை நிலம். வாய்க்காலின் கடைசியில் இருந்ததால், ஆற்றில் தண்ணீர் விட்டாலும் எங்கள் வயலுக்கு வந்து சேராத வருடங்கள் உண்டு. அப்பா தவறியபோது அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டு லாரிக்குப் போனார். என் கல்யாணத்தை முடித்துவிட்டு மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனார். பிறகு அண்ணியையும் பிள்ளைகளையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் விளக்கேற்றாமல் சாப்பிட மாட்டார் என்று அண்ணி சொல்வார்கள்.

மூத்தவளை நாங்கள் பாப்பா என்போம். அவள் வகுப்பில் படித்ததெல்லாம் அண்ணனைப் போலப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள். டாக்டர், இல்லாவிட்டால் இன்ஜினியர். அவர்களுக்குள் வேறு பேச்சே கிடையாதாம். லீவுக்கு ஊருக்கு வந்தால் நாங்களும் "டாக்டரம்மா வந்தாச்சா?" என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் ஒருநாளும் அவளை வற்புறுத்தியதில்லை. அவள் ஆசையைப் பார்த்து, டாக்டர் சீட் கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது முடித்ததும் பாப்பா ஊருக்கு வந்து என் வீட்டில் தங்கி நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். முதல் தடவை கிடைக்கவில்லை. மறு வருடமும் இல்லை. மூன்றாவது தடவையும் எழுதியே தீருவேன் என்று நின்றாள். சாப்பாடு இறங்கவில்லை, வாசலுக்கே வருவதில்லை. "வேற எதாவது படியேன் பாப்பா" என்றேன்.

"அப்பா அந்த வெயில்ல வண்டி ஓட்டுறது எதுக்கு அத்தை? வேண்டுதல் வேற நிக்குது. நான் எப்படி விடுறது?" என்று அழுதாள்.

அண்ணனுக்குப் போனில் சொன்னேன். லீவு போட்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் வேட்டி கட்டி, பால்குடத்தைத் தலையில் வைத்து, மேளத்தோடு கிளம்பிவிட்டார்.

"என்ன மாமா, பாப்பாவுக்கு சீட் கெடச்சிடுச்சா? சொல்லவே இல்ல!" என்றார் எதிர்வீட்டு மாப்பிள்ளை.

"கெடைக்கல மாப்ள."

"கெடைக்காததுக்கா மேளம்? கெடச்சிருந்தா யானையே கூட்டியாந்திருப்பீங்க போல!"

"கேட்டவன் நான். குடுக்கிறதும் குடுக்காததும் ஆத்தா இஷ்டம். நான் வச்ச கடன் எம்பொண்ணு தலையில எதுக்கு நிக்கணும்?"

கோவிலில் பூசாரியும் தயங்கினார். "வேண்டுதல் நிறைவேறலையேங்க, என்ன சொல்லி அபிஷேகம் பண்றது?"

"பொண்ணு பேரும் நட்சத்திரமும் சொல்லிப் பண்ணுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

அபிஷேகம் முடிந்து, பாப்பா நெற்றியில் திருநீறு இட்டார். "உன்மேல இனி ஒண்ணும் நிக்கல பாப்பா. உனக்கு ஆசையா இருந்தா திரும்ப எழுது. எனக்காக எழுதாத" என்றார். அவள் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிச் சோறு சாப்பிட்டாள். மறுவாரம் கும்பகோணத்தில் பி.காம். சேர்ந்தாள். இப்போது திருச்சியில் கணக்கு வேலை பார்க்கிறாள்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த அண்ணன் அதிக காலம் இருக்கவில்லை. நெஞ்சு வலி என்று தஞ்சாவூரில் சேர்த்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது கார் ஓட்டி அலைந்த எதிர்வீட்டு மாப்பிள்ளைக்கும், ரத்தம் கொடுக்க ஓடிவந்த அண்ணனுடைய கூத்தாநல்லூர் நண்பர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த எங்கள் தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சொந்தபந்தங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பால்குடம் எடுத்ததால்தான் பாப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். டாக்டர் சீட் கிடைத்துத்தான் எடுத்தார் என்றுகூட ஒரு கல்யாண வீட்டில் பேசக் கேட்டேன். அப்படியெல்லாம் மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லும்போது, சீட் கிடைக்கவில்லை, அதற்கப்புறம்தான் அண்ணன் பால்குடம் எடுத்தார் என்று நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.