வேதாவின் ஒரு ஆம்பியர்

பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. கல்லூரி பிசிக்ஸ் லேப்பில் வேதா மீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலை ஊர் ரைஸ்மில்லில் வேலையிலிருந்த தம்பி பரசுராமன், மோட்டாரைத் தொட்டுக் கரண்ட் அடித்துப் போய்விட்டான். 1984, ஆடி மாதம்.

காரியம் முடிந்த மறுநாள் மில் முதலாளி கண்ணாயிரம் எலக்ட்ரீஷியன் சக்கரபாணியோடு வந்தார். கையில் ஒரு தாள். 'ஈரக்கையோடு அஜாக்கிரதையாகத் தொட்டதால்' என்று டைப் அடித்திருந்தது. அம்மா எல்லம்மாள் அதில் கைநாட்டு வைக்க வேண்டும்.

"எர்த்தெல்லாம் சரியா இருக்குதும்மா. சக்கரபாணி மீட்டர் வெச்சான். முள்ளு சைபருக்குப் போயிடுச்சு."

"எந்த ரேஞ்சுல வெச்சீங்க?" என்றாள் வேதா.

"ஆயிரத்துல," என்றான் சக்கரபாணி. ஆயிரக்கணக்கான ஓம் அளக்கும் ரேஞ்சில் ஐந்தாறு ஓம் சைபராகத்தான் தெரியும். கசியும் கரண்ட் மண்ணுக்கு இறங்காமல் ஆளைக் கொல்ல அந்த ஐந்தாறு போதும்.

"வியாழக்கிழமை மில்லுக்கு வரேன். அதுவரைக்கும் அம்மா கை வைக்காது."

நான்கு நாள் உட்கார்ந்து சர்க்யூட் கட்டினாள். எதிரே எவ்வளவு தடை வந்தாலும் கரண்ட் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. ஒரே ஆம்பியர். அப்போதுதான் எத்தனை வோல்ட்டோ அத்தனை ஓம். யாரும் கணக்கில் புகுந்து குழப்ப முடியாது. டிரான்சிஸ்டர் கொதித்தது. சூட்டை வாங்கிக்கொள்ள, தம்பியின் அலுமினிய டிபன் மூடியில் ஓட்டை போட்டு அதன்மேல் முடுக்கினாள்.

"அது அவன் சாப்பாட்டு டப்பாடி."

"ஆமாம்மா. அவனும் வரட்டும்."

வியாழக்கிழமை நெல் மூட்டைகளோடு காத்திருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். டிராக்டர் பாட்டரியில் ஒயரை மாட்டினாள்.

"காலேஜ்ல செத்த தவள கால ஆட்டி வுடற கரண்ட்டா இது?" என்று சிரித்தான் சக்கரபாணி.

"உங்க மீட்டரு தொட்டுப் பாக்குது. இது ஒரு ஆம்பியரத் தள்ளிப் பாக்குதுங்க."

முதலில் ஒரு நல்ல ஒயரில் வைத்துக் காட்டினாள். வோல்ட் மீட்டரின் முள் சைபரை விட்டு அசையவில்லை. பிறகு ஒரு முனையை மோட்டார் உடம்பிலும் மறுமுனையை எர்த் குழாயிலும் வைத்தாள். முள் ஏறி ஆறு வோல்ட்டில் நின்றது. எர்த் ஒயரைக் குழாயோடு இறுக்கியிருந்த கிளாம்பைக் கழற்றச் சொன்னாள். உள்ளே துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"மழ பேஞ்சா அப்பிடித்தான்மா..." கண்ணாயிரம் தாளை மடித்தார்.

"மடிக்காதீங்க. அந்த வரிய அடிச்சுட்டு, எர்த்து ஆறு ஓம்னு எழுதுங்க. சந்தேகம்னா மறுபடி மாட்டி பத்து தடவ அளக்கறேன்."

எழுதினார். அதற்குப் பிறகுதான் எல்லம்மாள் கட்டை விரலை நீட்டினாள்.

சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒயர் விட்டுப்போன தன் சைக்கிள் லைட்டைப் பரசுராமன் வேதாவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான்கு நாளும் சால்டரிங் அயர்ன் அதன் பக்கத்தில்தான் காய்ந்தது. அந்த ஒயரை அவள் இன்னும் பற்றவைக்கவில்லை.