வீட்டில் பார்த்த பிரஷர்

எங்கள் தெருவில் என் அக்கா புருஷனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஸ்டீம் மாமா. பெரிய சலவைத் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் பார்த்துக்கொண்டவர். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுக்க நீராவி வேண்டும். அந்த நீராவிக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் பட்டப்பெயர் வேலையால் மட்டும் வந்ததல்ல. கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், காது சிவக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடுவார். “ஆவிதானேம்மா, வெளிய போயிட்டா ஒண்ணுமில்ல” என்று அவரே சிரிப்பார்.

எனக்கு அப்படி அடங்கவில்லை. என் கோபம் என் அக்கா மேல். கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாய்லர் அறையில் மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து போகிறவன் பிரஷர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வருகிறவன் அதைக் காதில் வாங்கினால் போதாது. அவனும் மீட்டருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். “அவன்தான் சொன்னான்” என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான். ஆட்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள். டீ வந்தால் ஒருவன் “டீ வந்தாச்சு” என்பான், இன்னொருவன் கிளாசுக்குள் மூக்கை நுழைத்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, டீதான்” என்பான். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். சட்டத்தை மட்டும் தளர்த்த மாட்டார்.

அப்படிப்பட்டவர் உடம்புக்குள் பிரஷர் ஏறிக் கிடந்தது அவருக்கே தெரியவில்லை. பார்வை மங்குகிறதே, கண்ணாடியை மாற்றலாம் என்று போனார். கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, முதலில் ரத்தக் கொதிப்பைப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிந்திருந்தன. சிறுநீரகங்களும் பாதி வேலையை நிறுத்தியிருந்தன. அதற்குப் பிறகு அவரால் நடமாட முடிந்தது, ஆள் முகம் தெரிந்தது. எழுத்தும் எண்ணும் தெரியவில்லை. மீட்டர் பார்க்க முடியாதவருக்குப் பாய்லர் அறையில் என்ன வேலை? வீட்டுக்கு வந்துவிட்டார்.

கிட்னி டாக்டரம்மா அதிகம் பேசாதவர். முதல் நாளே உடைத்துச் சொன்னார். “போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்குப் பிரஷர் கட்டுக்குள்ள இருக்கணும். உப்பைக் குறைங்க, மாத்திரையைத் தவற விடாதீங்க. தினமும் வீட்டிலேயே பாருங்க. இங்க வந்து பார்த்தா பல பேருக்குப் பயத்துலயே ஏறிடும். அதனால வீட்டு நம்பரை வச்சுத்தான் நான் மாத்திரையைக் கூட்டறதும் குறைக்கறதும்.”

மாமாவுக்கு ஒரே ஆசைதான். டயாலிசிஸ் மெஷினில் போய்ப் படுக்கக்கூடாது. அந்த வார்டைக் கடந்துதான் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அக்கா, அக்காவுக்கு அவர். காலையில் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்வார், அக்கா அவர் கையில் பிரஷர் மெஷினின் பட்டையைக் கட்டிப் பட்டனை அழுத்துவாள், மெஷின் உறுமி ஓய்ந்ததும் எண்ணை வாசிப்பாள். ஆரம்பத்தில் எண் கூடுதலாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் மாமாவின் முகம் சமையலறைப் பக்கம் திரும்பும். “உப்பு போட்டியா?” பாவம், அவள் ஸ்பூன் நுனியில் தொட்டுப் போடுகிறவள். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு அப்படியே இருக்கும், அவரும் பேசமாட்டார்.

பிறகு எண் இறங்கியது. வீடு சிரித்தது. மாமா தட்டைக் காலி செய்தார். நான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸில் யாருக்காவது பிரஷர் என்றால் போதும், “எங்க மாமாவைப் பாருங்க, வாயைக் கட்டினார், நூத்தி முப்பதுக்குள்ள வந்துட்டார்” என்று ஆரம்பித்துவிடுவேன். என் பெருமை தாங்காமல் ஒருத்தி இடத்தையே மாற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மட்டும் எண் கூடுதலாகவே இருந்தது. “வீட்ல எவ்வளவு?” என்பார் டாக்டரம்மா. அக்கா பட்டென்று சொல்வாள். “அப்ப இங்க வந்தாத்தான் ஏறுது. அடுத்த தடவை அந்த மெஷினைக் கொண்டு வாங்க, சரியா காட்டுதான்னு பார்ப்போம்” என்பார். அடுத்த தடவை அக்கா அதை மறந்துவிட்டு வருவாள். மாத்திரை அதே அளவில் நின்றது. ஆனால் ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் இன்னும் மோசமாக வந்தது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

“மறைக்காம சொல்லுங்க. மூட்டு வலிக்குன்னு கடையில மாத்திரை வாங்கிப் போடறீங்களா? வேற ஏதாவது மருந்து?”

மாமாவின் காது சிவந்தது. “ஒண்ணும் போடல டாக்டர்.”

“பிரஷர் நல்லா இருக்கு, கிட்னி மட்டும் போகுதுன்னா காரணம் இருக்கணுமே.”

“நான் பொய் சொல்றவன் இல்ல, டாக்டர்.” குரல் உடைந்துவிட்டது. நான் அவர் முதுகைத் தடவினேன். அக்கா பக்கத்து நாற்காலியில், கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதை எல்லாம் மன்னித்தாலும் மன்னிப்பேன், அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்ததை மன்னிக்க முடியவில்லை.

அப்போது எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது அக்காவுக்குப் பல் வலி வந்ததால். அவள் காலையிலேயே பல் டாக்டரிடம் கிளம்ப, மாமாவுக்குப் பட்டை கட்ட நான் போனேன். மெஷின் ஓய்ந்தது. வாசித்தேன்.

“நூத்தி எழுபத்தாறு, மாமா.”

“தலைகீழாப் புடிச்சிருக்கியா?” என்று சிரித்தார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். கிட்டத்தட்ட அதேதான். என் கையில் கட்டிப் பார்த்தேன், எனக்கு எப்போதும் இருக்கிற அளவே வந்தது. மெஷின் மேல் தப்பில்லை. மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“எதையும் சொல்லாத. அவ வரட்டும்” என்றார்.

அக்கா கன்னம் வீங்கி வந்தாள். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என்னைக் காட்டி, “பாப்பாவுக்குப் பட்டை சரியாக் கட்டத் தெரியல. நீ பாரு” என்றார். அவள் கட்டினாள், அழுத்தினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மெஷினில் நூற்றி எழுபதைத் தாண்டிய எண் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நூத்தி இருபத்தெட்டு” என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பழக்கம்!

“அக்கா, என்ன வாசிக்கிற நீ?” என்று நான் கத்தியது எதிர் வீடுவரை கேட்டிருக்கும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏறியிருக்குன்னு சொன்னா அன்னிக்கு முழுக்கச் சாப்பிட மாட்டேங்கறீங்க. நான் என்னமோ விஷம் வச்ச மாதிரி பார்க்கறீங்க. ஒரு நாள் குறைச்சுச் சொன்னேன். நிம்மதியாத் தூங்கினீங்க. அப்புறம் எப்படிங்க கூட்டிச் சொல்றது?”

அவள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பார்வையின் கீழ் நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன். ஆனால் டாக்டரிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாமே! அந்தப் பொய்யை நம்பி டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டவில்லை. அந்தப் பொய்யை நம்பி இந்த மனுஷன் உப்பில்லாமல் சாப்பிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாமா ஆவி விடுவார், வீடு இரண்டுபடும் என்று காத்திருந்தேன். மூக்கு விடைக்கவில்லை, காது சிவக்கவில்லை. பட்டையைத் தானே அவிழ்த்து மேசைமேல் வைத்தார். “வேலைக்காரப் பசங்களை நம்பாதவன், உன்னை நம்பினேன்” என்றார். அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு மாமாவிடம், “உங்களைத் தப்பா கேட்டுட்டேன்” என்றார். மாத்திரைகளை மாற்றினார், நீர் பிரிய இன்னொன்று சேர்த்தார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் நானே போய் அளந்தேன். எண் உண்மையாகவே இறங்கியது, இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிறுநீரகங்கள் அதற்குள் சரிந்துவிட்டிருந்தன. அக்கா சமைத்ததைச் சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அவளிடம் கையை மட்டும் நீட்டமாட்டார்.

கடைசியில் டயாலிசிஸ் தவிர வழியில்லை என்று ஆனதும் டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். “அந்த மெஷின் வார்டு வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. வயித்துல சின்னக் குழாய் வச்சு, பையில வர்ற திரவத்தை உள்ள விட்டு எடுக்கறது. வீட்டிலேயே செஞ்சுக்கலாம்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“ஆனா உங்களுக்குக் கண்ணு பத்தாது. வெளிய வர்ற திரவம் கலங்கியிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் பார்க்கணும். கலங்கியிருந்தா உடனே எங்கிட்ட சொல்லணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்து. ஒரு நாளைக்குப் பல தடவை செய்யணும், பகல்ல கூடவே இருக்கிற ஆளா வேணும். பயிற்சி நாங்க தர்றோம்.”

நான் பகலெல்லாம் பார்சல் ஆபீஸில் இருப்பவள். வேலையை விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அது மாமாவுக்கும் தெரியும். என் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை போல, மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“வீட்ல யார் இருக்காங்க?” என்று டாக்டரம்மா மாமாவிடமே கேட்டார்.

மாமா அக்கா பக்கம் திரும்பினார். அவளை அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“யாரும் இல்ல, டாக்டர்” என்றார். “அந்த வார்டுலயே ஒரு இடம் போட்டுடுங்க.”